இரண்டு இளநீர்

வைகாசி, ஞாயிற்றுக்கிழமை.
காலை: அம்மாவின் தங்கை, என் சித்தி, வடக்குப்பட்டிலிருந்து படப்பையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் கறிக்கடைக்குச் சென்றிருந்தேன். அம்மா இரண்டு இளநீர் குடித்தார்.
பிற்பகல்: சித்தி புறப்பட்டார். அம்மாவின் கால்கள் தளர்ந்தன. ஆட்டோவில் கிளம்பினோம். ஒரகடம் சந்திப்பில், ஷிப்டு முடிந்த கம்பெனிப் பேருந்துகளுக்கு நடுவே ஆட்டோ நகரவில்லை.
மாலை: மருத்துவமனை வாசலிலேயே, உயிர் இல்லை என்றார்கள்.

அம்மாவின் சிறுநீரகங்கள் செயலிழந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். நாள் முழுவதற்கும் ஒரு சொம்புக்குக் குறைவான தண்ணீர். காய்களை வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுத்தான் தமக்குச் சமைத்துக்கொள்வார். எனக்குத் தனிப் பாத்திரம். அதில் எதுவும் குறைந்ததில்லை. இளநீரில் உள்ள பொட்டாசியம், வெளியேற வழியற்ற உடலில் தங்கி இதயத்தை நிறுத்திவிடக்கூடும். இதை டாக்டர் சொன்னபோது நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

உறவில் யாருக்கும் இது தெரியாது. சர்க்கரை என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார். என் சிறுநீரகம் ஒன்றைத் தருகிறேன் என்று தொடக்கத்திலேயே சொன்னேன். ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"கிட்னின்னு தெரிஞ்சா, பெத்த புள்ள பக்கத்துலயே கீறானே, ஒண்ணு குடுத்தா இன்னான்னு கேப்பாங்க. உன்ன ஒருத்தரு ஒரு வார்த்த கேக்கக் கூடாது."

சர்க்கரைக்கு இளநீர் நல்லது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சித்தியின் நிலம் தொழிற்சாலைக்குப் போன பிறகு, வீட்டின் பின்னால் இரண்டு தென்னைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவற்றிலிருந்து நான்கு காய்களைச் சாக்கில் கட்டி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

நான் கறியோடு திரும்பியபோது வெட்டிய மட்டைகள் வாசலில் கிடந்தன.

"இன்னாடா புரொபசரு, ஊருக்கெல்லாம் பாடம் சொல்ற, அக்காவுக்கு ஒரு வாய் தண்ணி காட்ட மாட்டியா? ஒதடு வெடிச்சிக் கீது. ரெண்டு குடிச்சா. இப்பப் பாரு, மூஞ்சி எப்பிடித் தெளிஞ்சிட்சி!"

"அவன ஒண்ணும் சொல்லாதடி" என்றார் அம்மா. "டாக்டரு அளந்து குடிக்கச் சொல்லிக்கீறாரு."

"டாக்டரு கெடக்கிறான். எளநீயக்கூடவா அளப்பாங்க?"

அம்மா சிரித்தார். பிறகு என்னைச் சமையலறைக்கு அழைத்தார். உடனே மருத்துவமனைக்குக் கிளம்பலாம் என்றேன்.

"அவ சோறு துன்னுட்டுப் போவட்டும். இப்ப ஓடுனா எதுக்குன்னு கேப்பா. இன்னா பதில் சொல்லுவ?"

"தெரிஞ்சேதானே குடிச்சீங்க?"

"வெயில்ல தூக்கிக்கினு வந்துட்டாடா. எதுத்தாப்ல நின்னுக்கினு நீட்றா." கறிப் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "எனக்கும் தாகமா இருந்திச்சி" என்றார்.

அந்த ஆண்டுகள் முழுவதிலும் தாகம் என்ற சொல்லை அவர் என்னிடம் சொன்னது அப்போதுதான். அம்மா கறியைக் கழுவினார். சித்தி இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா அவருக்கு ஷேர் ஆட்டோ வரும்வரை வாசலிலேயே நின்றார். அது திருப்பத்தில் மறைந்த பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சித்தி ஒன்றையே சொன்னார்: "கடைசியா என் கையால எளநீ குடிச்சிட்டுத்தான் போனா. அந்த மட்டும் எனக்கு மனசு ஆறுது." மணிமங்கலத்து உறவினர் வீட்டிலும் அதையே சொன்னாராம். என் எதிரில் சொன்னபோதெல்லாம் நான் தலையசைத்தேன். அண்மையில் தொலைபேசியில், "நல்லாத்தானடா இருந்தா, திடீர்னு இன்னா ஆச்சி?" என்று கேட்டார். பிறகு பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

செய்யாமல் இருப்பவை:
மிஞ்சிய மாத்திரைகளை மருத்துவமனையில் கொடுப்பது.
அம்மாவின் கட்டிலைப் பிரிப்பது.
சமையலறை மூலையில் காய்ந்துகொண்டிருக்கும் மற்ற இரண்டு காய்களை எடுத்துப் போடுவது.
சித்தியைத் திரும்ப அழைப்பது.