காய்ந்த தெருவின் படம்

என் வீட்டுக்காரருக்குச் சரக்குக் கப்பலில் என்ஜின் அறை வேலை. விடுமுறைக்கு வந்தால் மற்ற ஆண்கள் கல்யாணம், காதுகுத்து என்று அலைவார்கள். இவர் அந்த முறை மாடி அறையில் பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சொந்தமாக ஓர் இணையதளம், அதுவும் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே ஓடுமாம். உலகம் வந்து பார்க்க நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"ஏளா, உலகத்துக்கு இல்ல, எனக்கு" என்றார்.

ஒரே ஒரு பக்கம்தான். மொட்டைமாடி கேமரா மணிக்கொரு முறை தெருவைப் படம் பிடித்து அதில் போடும். நடுக்கடலில் போன் எடுக்காது. கப்பலில் இணையமும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், சின்னப் பக்கம் ஒன்றைத் திறக்க அது போதும்.

"பக்கம் தொறந்தா நீயும் பிள்ளையும் நல்லா இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கிடுவேன். தொறக்கலன்னா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அணைச்சிராத" என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அது விளையாட்டாகப் படவில்லை. அதன் பிறகு கரண்ட் போனால் அடுப்பில் என்ன கிடந்தாலும் மாடிக்கு ஓடுவேன். இணையம் இருக்கிறது என்று மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தால்தான் மூச்சு வரும்.

அந்த மார்கழி மழையில் மேற்கே ஏதோ குளம் உடைந்து, எங்கள் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. நானும் ஏழு வயது மகளும் மாடி அறைக்கு ஏறினோம். இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது, பச்சை விளக்கும் எரிந்தது. ஆனால் தகரக் கூரை ஒழுகியது. ஒழுகும் இடம் மாறிக்கொண்டே இருந்ததால் நான் குடையைக் கம்ப்யூட்டருக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் நனைந்துகொண்டிருந்தாள்.

மதியம் மீன்பிடிப் படகு ஒன்று தெருவுக்குள் வந்தது. கடலில் பார்த்த படகை வாசலில் பார்த்ததும் எனக்குத் தைரியம் வரவில்லை, பயம்தான் கூடியது.

"அக்கா, பிள்ளையத் தூக்கிட்டு வாங்க. தண்ணி இன்னும் ஏறும். திரும்ப இங்கன வர முடியுமோ என்னமோ" என்று ஒருவர் கத்தினார்.

நான் குடையை விட்டால் கம்ப்யூட்டர் போய்விடும். பக்கம் திறக்காது. ஊர் மூழ்கிய செய்தி கப்பலுக்கும் போயிருக்கும். அங்கே ஒரு மனுஷன் எங்கள் இரண்டு பேரையும் செத்தவர்களாக நினைத்துக்கொண்டு என்ஜின் பக்கத்தில் நிற்பார். "நாங்க வரல, நீங்க போங்க" என்றேன். படகுக்காரர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவர் பார்த்தது சரிதான்.

பொழுது அடைகிற நேரத்தில் இன்வெர்ட்டர் கீச்சிட்டு நின்றது. அதற்குள் தண்ணீர் மாடிப்படியில் பாதி ஏறியிருந்தது. இருட்டில் எதிர்வீட்டு மதில் விழும் சத்தம் கேட்டது. "அப்பாவுக்கு நம்மளத் தெரியுதாம்மா?" என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த ராத்திரியைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனசு இல்லை. மறுநாள் வேறொரு படகு வந்து எங்களை ஏற்றிக்கொண்டது.

கப்பல் ஒரு துறைமுகத்தை நெருங்கியதும் அவர் போன் செய்தார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை.

"ஊர்ல வெள்ளம்னு சொல்லுதாங்க. நம்ம தெரு காஞ்சுல்லா கெடக்கு? நேத்துகூடப் பாத்தேனே."

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு அவரேதான் கண்டுபிடித்துச் சொன்னார். இணையச் செலவு மிச்சம் என்று கப்பலில் உள்ள மிஷின் ஒருமுறை எடுத்த பக்கத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பக் காட்டுமாம். படத்தில் நேரம் போட இவர் மறந்திருந்தார். நான் குடை பிடித்து நின்ற வேளையில், மழைக்கு முந்தைய எங்கள் தெருவைப் பார்த்துவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். போனிலேயே வாய்விட்டு அழுதேன். கோபமும் வந்தது, அவர் மேலா என் மேலா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த விடுமுறையில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுத்தான் போனார். இப்போது படத்தில் நேரம் வருகிறது. படகு வந்தால் யாருக்காகவும் காத்திருக்காமல் ஏறிவிட வேண்டும் என்று மகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். தலையாட்டுவாள்.

நேற்று எங்கள் ஊர்த் துறைமுகத்துப் பக்கம் வானம் கறுத்து, தூறல் விழ ஆரம்பித்தது. தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவள் உள்ளே வந்து, நேராக மாடிக்கு ஓடினாள்.

"பச்சை எரியுதும்மா" என்று மேலேயிருந்து கத்தினாள். "நாம எங்கயும் போக வேண்டாம்."