கோடு போட்ட தோட்டப் புத்தகம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜோகுபாளையத்தில் எங்கள் ஒற்றை அறையில் அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான ஆட்டோ ஓட்டும் மாமா, ஆறாவது படித்த நான் என நாலு பேர் இருந்தோம். இல்லாதவர் காக்ஸ் டவுன் டீச்சரம்மா ஒருவர்தான். பேச்சு முழுக்க அவரைப் பற்றித்தான்.

ரிடையரான அந்த டீச்சரின் தோட்டத்தை அப்பா ஏழு வருஷமாகப் பார்த்துவந்தார். எங்கள் வீட்டுக்கு மாதம் தவறாமல் வந்த ஒரே சம்பளம் அதுதான். வீட்டில் தோட்டம் போடுகிறவர்கள் படிக்க வேண்டிய புத்தகங்கள் என்று வெளிநாட்டிலிருந்து தன் மகள் ஒரு பட்டியல் அனுப்ப, டீச்சரம்மா அதில் மூன்றை வாங்கினார். ஒன்றை அப்பாவிடம் கொடுத்து, பையனைப் படித்துச் சொல்லச் சொன்னாராம்.

மாமாவுக்கு இது நல்லதாகப் படவில்லை.

"ஆட்டோ ஓட்றது எப்படின்னு எனக்கு ஒருத்தர் புக்கு குடுத்தா இன்னா அர்த்தம் மாமா? ஓட்டத் தெரியலன்னுதான?"

"வாய மூட்ரா," என்றாள் அம்மா. "ஏழு வருசத்துல அந்தம்மா ஒரு வார்த்த சொன்னதில்ல."

"அதான்க்கா. வாயால சொல்ல முடியாதவங்க புக்குல சொல்லுவாங்க."

திறந்தேன். அங்கங்கே வரிகளுக்கு அடியில் பென்சில் கோடு. மாமா அதில் விரலை வைத்தார். "பாத்தியா? மொதல்ல இத்த படி."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கே பாடம் எடுக்கும் சந்தோஷத்தில் குரலை வாத்தியார் மாதிரி ஆக்கிக்கொண்டேன். தொட்டிச் செடிகள் காய்ந்து சாவதைவிட அதிகத் தண்ணீரில் அழுகிச் சாவதே அதிகம். கோடு.

அப்பாவின் முகம் சுருங்கியது. "போன வாரம் ஒரே நாள்ல ரெண்டு தபா ஊத்திட்டேன். பாத்துட்டாங்க போல."

செடி வெட்டும் கத்தரிக்கோலை மழையில் விட்டுவிடக் கூடாது. கோடு.

"அது ஒரே ஒரு நாளு."

ரோஜாவைப் பயந்து பயந்து வெட்டிக் கவாத்து செய்யக் கூடாது. இரண்டு கோடு. உங்கள் தோட்டத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று பின்னட்டையில் இருந்ததையும் நான் விடாமல் படித்தேன்.

"ஒனக்குப் பதிலா வேற ஆளுகூட தேடல மாமா," என்றார் மாமா. "மூணு புக்கு போதும்னுட்டாங்க."

"அவங்க போன்னு சொல்றதுக்குள்ள நானே போயிடறேன்," என்றார் அப்பா.

திங்கட்கிழமை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, உடம்பு முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டார். டீச்சரம்மா எவ்வளவோ கேட்டும் வேறு காரணம் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்துத்தான் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு அபார்ட்மென்ட் தோட்டத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு ஒருநாள் மார்க்கெட்டில் டீச்சரம்மா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். அவர் வேறு ஆள் வைத்திருந்தார். ஆனால் மனக்குறை தீரவில்லை.

"பழைய புக்கு கடையில வாங்கினதும்மா. யாரோ கிறுக்கி வெச்சிருந்தாங்கன்னு புதுசா வந்த ஆளு பாத்துச் சொன்னாரு. அதக் குடுத்தேன்னு அவருக்குக் கோவமா? எனக்குக் கண்ணு சரியில்ல, நான் பக்கத்தக்கூட பொரட்டல. ஒங்க பையன் படிக்கட்டும்னுதான் குடுத்தேன்."

என் கைக்கு அதுவரை வந்த புத்தகங்கள் எல்லாம் பள்ளிக்கூடம் புதிதாகக் கொடுத்தவை. ஒரு புத்தகம் அதற்கு முன்பு வேறு ஒருவரிடம் இருந்திருக்கலாம் என்பது எனக்குத் தெரியாது. கோடு போட்டது யார் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் படிக்கத் தெரிந்த நான்தான்.

அப்பாவின் சம்பளம் மாதம் ஆறாயிரம் வீதம் மூன்று மாதம் போனது. பதினெட்டாயிரம் ரூபாய்.