எட்டுத் தூண் இன்ஜினியர்

குன்னூரில் நான் கட்டடப் படம் வரையச் சேர்ந்த அலுவலகத்தின் இன்ஜினியருக்குப் பழைய ரோமானியக் கட்டடக்கலையில் தெரிந்தது ஒன்றே ஒன்று: தூண். முதல் நாள், ஒரு பேக்கரி முகப்பின் படத்தை என் மேசையில் விரித்து, "ரோமன் ஸ்டைல்ல பண்ணும்மா" என்றார். எத்தனை தூண் என்று கேட்டேன். "எத்தனை நிக்குமோ அத்தனை நிறுத்து" என்றார். அந்த அறிவுக்குத்தான் ஊரே அவருக்குக் கும்பிடு போட்டது.

ஜெகதளா பக்கம் பழைய பங்களா ஒன்றை வாங்கியிருந்த கோவை ஜவுளி வியாபாரி, அதை ரோமன் ஸ்டைலுக்கு மாற்றித் தரச் சொன்னார். அளவெடுக்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நட்டநடுவில் கதவு. இரு பக்கமும் மும்மூன்று ஜன்னல்கள், ஒன்றுக்கொன்று இம்மி பிசகாமல். முகப்பில் நான்கு மரத்தூண்கள், மேலே போகப் போக மெல்ல ஒடுங்கின. அவை தாங்கிய முக்கோண முகட்டின் விளிம்பில் பல்வரிசை போலச் சின்னக் கட்டைகள். பாடப்புத்தகத்தில் படித்த ரோமானிய அடையாளம் ஒன்றுகூடக் குறையவில்லை. வியாபாரி கேட்ட வீடு ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தது.

இன்ஜினியர் காரை விட்டு இறங்கவேயில்லை. "தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்குது. முன்பக்கம் பூராத்தையும் இடிச்சுரு" என்றார்.

கூட வந்திருந்த மேஸ்திரி தயங்கினார். "ஏனுங்க சார், நீங்க சொல்ற தூணு இதுதானுங்களே? அத்தனையும் தேக்குங்க."

"படிச்சது நானா, நீயா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. "சார் சொல்றது சரிங்க" என்றேன். மேஸ்திரி என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கடப்பாரை எடுக்கப் போனார். இன்ஜினியருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.

நான் வரைந்து கொடுத்தபடியே எட்டு பைபர் தூண்கள் வந்து இறங்கின. வயிறு பருத்தவை, தலையில் தங்கப் பெயின்ட் அடித்த இலைகள். இரண்டு தூண்கள் ஜன்னல்களை மறைத்தன. எட்டும் எதையும் தாங்கவில்லை. மழைக்காற்றில் அவற்றைத்தான் கம்பி கட்டித் தாங்க வேண்டியிருந்தது.

போன மாதம் அந்த வழியே போனேன். இப்போது அது விடுதி. வாசலில் 'பாரம்பரிய பங்களா' என்று பலகை. செல்பி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னிடம், "ஏனுங்கக்கா, இது வெள்ளைக்காரன் காலத்துத் தூணுங்களா?" என்றாள்.

"அதை இடிச்சாச்சுங்க. இது நான் வரைஞ்சது."

அவள் நம்பவில்லை. சிரித்துவிட்டு, தூணைக் கட்டிப்பிடித்து இன்னொரு படம் எடுத்துக்கொண்டாள்.