பாப்பா கத்துக்கிட்ட ரஷ்ய வார்த்தை

இன்னிக்குச் சோறு ஊட்டும்போது என் நாலு வயசு மக என்னைப் பார்த்து ஒரு ரஷ்யக் கெட்ட வார்த்தையைச் சொல்லிட்டு, நான் சிரிப்பேன்னு காத்திருந்தா.

சொல்லிக்கொடுத்தது கொழுந்தனார். ஆன்லைன் கேம்ல பாப்பா மைக்கில் அதைச் சொன்னா, கூட விளையாடுற ரஷ்யாக்காரங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்களாம்.

அர்த்தம் தேடிப் பார்த்தேன். பெத்தவளை அசிங்கமாத் திட்டுற வார்த்தை.

"நம்ம பாஷையில சொன்னாத்தானுங்க அண்ணி தப்பு"ங்கிறார், ஏற்காடு பஸ் கண்டக்டரைக்கூட 'ஏனுங்க'ன்னு கூப்பிடுற மனுஷன்.

"அப்ப அதையே தமிழ்ல உங்கம்மாகிட்டச் சொல்லுங்க தம்பி"ன்னேன். ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு வெளிய போயிட்டார்.

பாப்பா தூங்குற வரைக்கும் அதையேதான் சொன்னா. நாளைக்கு ஸ்கூல். மறக்கவைக்க வழி தெரிஞ்சவங்க எழுதுங்க. "சின்னக் கொழந்தை, விடு"ன்னு மட்டும் வேண்டாம். அதைச் சொல்லி எங்க வீட்டுக்காரர் ஏற்கனவே வாங்கிக் கட்டிக்கிட்டார்.