காலி பாட்டிலும் கோகோ அணியும்

கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்றுதான் இருந்தேன். அது ஆறுகிற வழியாக இல்லை.

நான் காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். எங்கள் கோகோ பிள்ளைகள் அந்த வருஷம் வெறி பிடித்த மாதிரி ஆடினார்கள். புதுச்சேரி அணிக்கு ஆள் எடுக்கும் செலக்‌ஷனுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புதுச்சேரி எங்களுக்குத் தலைநகரம்தான், ஆனால் நடுவில் தமிழ்நாட்டைத் தாண்டியாக வேண்டும். வேன் வேண்டும், இரண்டு நாள் சாப்பாடு வேண்டும், பாதிப் பேருக்குக் காலில் ஷூ இல்லை. தலைமையாசிரியையிடம் போய் நின்றேன். "ஃபண்டு இல்லையே டீச்சர், நீங்களே ஏதாவது ஏற்பாடு பண்ணிக்குங்களேன்" என்றார். ஆண்டுவிழாப் பந்தலுக்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ.

வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். பள்ளிப் பிள்ளைகள் நிதி திரட்டப் புதுமையான யோசனைகள் என்று பக்கம் பக்கமாக வந்தது. கேக் செய்து விற்கலாமாம். பிள்ளைகள் கார் கழுவிக் காசு வாங்கலாமாம். எங்கள் பிள்ளைகள் வீட்டில் கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது எப்போது வரும் என்றே தெரியாது, இதில் கேக் ஒன்றுதான் குறைச்சல். மறுநாள் மைதானத்தில் பிள்ளைகளிடமே கேட்டேன். கேப்டன் வரிச்சிக்குடிப் பக்கத்துப் பெண். அம்மா நடவு வேலைக்குப் போகிறவர், அப்பா சென்ட்ரிங் வேலை.

"மிஸ், காலி பாட்டில் பொறுக்கலாம் மிஸ்" என்றாள். "எங்க வாய்க்கால் கரையில கெடக்குறதே மூட்ட மூட்டயா வரும். பழைய இரும்புக் கடையில எடுத்துக்கிறாங்க."

எங்கள் ஊரில் சரக்கு மலிவு. எல்லை தாண்டியும் வந்து குடிக்கிறார்கள், உள்ளூர்க்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. குடித்துவிட்டு வயலில் வீசுகிறார்கள். அதற்கு முந்தின வருஷம் சேற்றுக்குள் கிடந்த கண்ணாடி அவள் அம்மாவின் உள்ளங்காலைக் கிழித்து, நடவு சமயத்தில் பத்து நாள் வேலைக்குப் போக முடியவில்லை. அதனால் அந்த யோசனை எனக்குச் சட்டென்று பிடித்துப்போனது. வயலும் சுத்தமாகும், வேனும் கிடைக்கும். இதைவிட நல்ல வழியை எந்த போனும் சொல்லியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் கிளம்புவோம். எல்லோருக்கும் கையுறை வாங்கிக் கொடுத்தேன். உடைந்ததை நான் மட்டும்தான் எடுப்பேன், பிள்ளைகள் தொடக்கூடாது என்று கண்டிப்பு. குவார்ட்டர் ஒரு சாக்கு, பீர் ஒரு சாக்கு. யார் சாக்கு முதலில் நிறைகிறது என்று போட்டி போட்டுக்கொண்டு ஓடினார்கள். இரண்டு வாரத்தில் ஷூவுக்குத் தேறிவிட்டது. நடவுக்குப் போகிற பெண்கள் வரப்பில் நின்று, "நல்லா இருப்பீங்க" என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது வாரம் எவனோ ஒரு புண்ணியவான் பைக்கை நிறுத்திப் படம் எடுத்தான். சாயங்காலத்துக்குள் ஊர் வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலும் அது சுற்றியது. "பள்ளி மாணவிகள் கையில் மது பாட்டில். எங்கே போகிறது கல்வி?" இது தலைப்பு. கல்வியைப் பற்றி இத்தனை பேருக்குக் கவலை இருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பெற்றோர் கூட்டம் போட்டார்கள். வழக்கமாகக் கூட்டத்துக்கு அம்மாக்கள்தான் வருவார்கள், அன்றைக்கு அப்பாக்கள் வந்து நிறைந்திருந்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசியவர் கேப்டனின் அப்பா.

"வயசுக்கு வந்த புள்ள கையில பிராந்தி பாட்டிலக் குடுத்துப் பொறுக்கச் சொல்றீங்களே டீச்சர், நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?"

"அத அங்க கொண்டுபோய்ப் போட்டது யாருங்க?" என்று கேட்டேன்.

"அது வேற விஷயம்" என்றார். சுற்றியிருந்தவர்களும் ஆமாம், அது வேற விஷயம் என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குடித்த கைக்கு இல்லாத அசிங்கம் பொறுக்குகிற கைக்கு எப்படி வரும்? கேட்டேன். "டீச்சர், உட்காருங்க" என்று தலைமையாசிரியை என் கையைப் பிடித்து இழுத்தார். அத்தோடு பாட்டில் வேலை நின்றது. பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரமே வேன் கிடைத்துவிட்டது. ஒரு பெரிய மனுஷர் முன்வந்திருக்கிறார் என்றார் தலைமையாசிரியை. யாரென்று கேட்டேன். ஊரில் மூன்று ஒயின்ஷாப்புக்கும் ஒரு லாட்ஜுக்கும் சொந்தக்காரர்.

"அவர் சாராய வியாபாரியாச்சே மேடம்."

"தொழிலதிபர் டீச்சர். நோட்டீஸ்ல அப்படித்தான் போட்டிருக்கு."

பள்ளியில் ஒரு விழா, அவருக்குச் சால்வை, வேனில் அவர் படம் போட்ட ஃப்ளெக்ஸ், பிள்ளைகள் முதுகில் அவர் லாட்ஜின் பெயர். இவ்வளவுதான் அவர் கேட்டது. காலி பாட்டிலைத் தொட்டால் மானம் போய்விடும், நிறைந்த பாட்டிலை விற்ற காசில் போனால் கௌரவம். ஒரு அப்பாகூட வாய் திறக்கவில்லை. நான் பிள்ளைகளிடம், "போகணுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்க" என்றேன். கேப்டன்தான் பதில் சொன்னாள். "போவோம் மிஸ். ஆடணும்ல." என் ரோஷத்துக்காக அவர்கள் ஏன் ஆடாமல் இருக்க வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

விழாவில் கேப்டன் நன்றி சொல்வதாக ஏற்பாடு. தலைமையாசிரியை எழுதிக் கொடுத்ததை அவள் மேடைக்குக் கொண்டுவரவில்லை. மைக்கைப் பிடித்து, பாடம் ஒப்பிக்கிற குரலில் பேசினாள்.

"எங்களுக்கு வேன் குடுத்த ஐயாவுக்கு நன்றி. எங்க அப்பாவுக்கும் நன்றி. அப்பா தெனமும் ஐயா கடையில குடுத்த காசுதான் இப்ப வேனா வந்திருக்கு. எங்க டீம்ல இருக்கிற எல்லா அப்பாவுக்கும் நன்றி."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்துகொண்டாள். பெரிய மனுஷர் சால்வையைச் சரிசெய்துகொண்டே இருந்தார். நான் எழுந்து நின்று கைதட்டினேன். கூடத் தட்ட ஒருவரும் இல்லை. தலைமையாசிரியை முறைத்தார். நிறுத்தாமல் தட்டினேன்.

வேன் கிளம்புகிற நேரத்தில் அவள் அப்பா என்னிடம் வந்தார். விழாவுக்கென்று சலவைச் சட்டை போட்டிருந்தார். இந்த முறை குரல் எழும்பவில்லை.

"நீங்கதானே டீச்சர் எழுதிக் குடுத்தீங்க?"

"இல்லீங்க. உங்க பொண்ணே பேசினதுதான்."

நான் சொன்னதை அவர் நம்பிவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. வேன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பள்ளி கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். அதற்கப்புறம், அன்று சாயங்காலமும், வழக்கமாகப் போகிற இடத்துக்கே போயிருக்கிறார். செலக்‌ஷன் முடிந்து திரும்பி வரும்போது, அம்மா போனில் சொன்னதாக அவளே சொன்னாள்.