வளைகுடாவில் பிரமச்சாரியான என் கணவர்

என் கணவருக்கு வரி என்றால் ஆகாது. ஹம்பேர்க்கில் லிப்ட் திருத்தும் வேலை அவருக்கு. ஒவ்வொரு மாத முடிவிலும் சம்பளத்தில் பிடித்த காசை நினைத்து, சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அரசாங்கத்தைத் திட்டுவார். அப்படிப்பட்டவரின் கண்ணில், வரியே இல்லாத வளைகுடா நாடொன்றில் லிப்ட் மேற்பார்வையாளர் தேவை என்ற விளம்பரம் பட்டுத் தொலைத்தது. அன்றிலிருந்து மனிதரின் உடம்புதான் ஹம்பேர்க்கில் இருந்தது.

இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்படிப்பை முடித்து, ஒரு பல் வைத்தியரிடம் நோயாளிகளின் வாயில் உறிஞ்சு குழாய் பிடித்தே காலத்தை ஓட்டியவள் நான். அந்த மாதம்தான் என்னை அங்கே பொறுப்பாளர் ஆக்கியிருந்தார்கள். தனி மேசை, எல்லாக் கதவுகளுக்குமான திறப்புக் கோர்வை, என்னைக் கேட்காமல் யாருக்கும் லீவு கிடையாது. இதை விட்டுவிட்டு எங்கும் போக எனக்கு மனமில்லை. சொல்லியும் பார்த்தேன். வரியில்லாத சம்பளத்தைக் கனவு காண்கிறவருக்குக் காது கேட்பதில்லை.

அந்த நாட்டுச் சம்பள முறையை அவர் கரைத்துக் குடித்திருந்தார். அங்கே வேலையைவிடப் பாஸ்போர்ட்டுக்குத்தான் மதிப்பாம். ஜேர்மன் பாஸ்போர்ட் என்றால் சம்பளம் கூடுமாம். முன்பு வாங்கிய சம்பளத்தைக் கேட்டுத்தான் ஆளுக்குத் தரம் போடுவார்களாம். மேல் தரம் என்றால் குடும்பத்தோடு போகலாம். வீடும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் கொம்பனியின் தலையில். கீழ்த் தரம் என்றால் தனியாள். எத்தனை பிள்ளை பெற்றிருந்தாலும் கொம்பனிக் கணக்கில் நீங்கள் பிரமச்சாரி. அதே லிப்டை ஒரு நேபாளக்காரர் திருத்தினால் ஏன் குறைந்த சம்பளம், யார் திருத்தியது என்று லிப்டுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தனக்குக் கட்டாயம் மேல் தரம்தான் என்றார்.

நேர்முகம் வீடியோவில் நடந்தது. கமராவில் தெரியாதபடி சோற்றுச் சட்டியை நகர்த்திவிட்டு, குசினி மேசையில் கோட் போட்டு உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. நடுவில் அந்தப் பக்கத்து அதிகாரி, "அண்ணை, யாழ்ப்பாணமோ? அப்ப தமிழிலையே கதைப்பம்" என்றார். அவரும் எங்கள் பக்கத்து ஆள். அவருடைய சித்தி குடும்பம் ஹம்பேர்க்கில் இருக்கிறதாம். இவருக்கு வாயெல்லாம் பல். அந்த நேரம் பார்த்து அதிகாரி, இப்போது என்ன சம்பளம் என்று கேட்டார்.

எங்கள் ஆட்களிடம் தமிழில் சம்பளம் கேட்டால் ஒருவரும் உள்ளதைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் கோயில் திருவிழாவில் ஒருநாள் உபயம் தலையில் விழும். சீட்டுக்கு ஆள் பிடிப்பவர் மறுநாளே வாசலில் நிற்பார். அதனால் எங்களிடம் இரண்டு சம்பளம் உண்டு. ஒன்று வரிக் கந்தோருக்குத் தெரிந்தது, மற்றது பிறந்தநாள் மண்டபங்களில் குறைத்துச் சொல்வது. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் இவர் உண்மையைச் சொல்லியிருப்பார். தமிழில் கேட்டதும் வாய் பழக்கதோஷத்தில் மண்டபச் சம்பளத்தைச் சொல்லிவிட்டது. கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை என்று ஒரு பெருமூச்சு வேறு.

முடிவு வந்தது. கீழ்த் தரம், தனியாள், நான்கு பேர் தங்கும் வீட்டில் ஒரு கட்டில். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு வயிறு நோகச் சிரித்தேன். இவர் இரண்டு நாள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாகத் திரிந்தார். இப்போது போய் உண்மையைச் சொன்னால் சித்தி வழியாக ஹம்பேர்க் முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயம்.

மூன்றாம் நாள் கைத்தொலைபேசியை வீட்டில் மறந்துவிட்டு வேலைக்குப் போனார். அந்த அதிகாரி அழைத்தார், நான் எடுத்தேன். தான் எழுதிய சம்பளம் சரிதானோ என்று கேட்கத்தானாம். நான் ஒரு 'ஓம்' சொல்லியிருந்தால் போதும், என் மேசையும் திறப்புக் கோர்வையும் தப்பியிருக்கும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஜேர்மனியிலை இவ்வளவு காலம் இருந்தும் இவ்வளவுதானோ அக்கா? பாவம் அண்ணை" என்றார்.

பாவமா? எனக்கு விசர் வந்துவிட்டது. என் மனிதரின் சம்பளத்தை டிசம்பரில் மேலதிகமாக வரும் நத்தார்க் காசு உட்பட ஒரு சதம் விடாமல் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் என் தலையில் நானே மண் அள்ளிப் போட்டது விளங்கியது.

அடுத்த கிழமையே மேல் தரம் என்று கடிதம் வந்தது. வீடு, பள்ளிக்கூடம், விமானச் சீட்டு என்று இவர் சத்தமாக வாசித்துக்கொண்டே போனார். மனைவியைப் பற்றிய இடத்தில் குரல் இறங்கியது. மனைவி கணவரின் பொறுப்பில் இருப்பவர், அந்த விசாவில் வேலை செய்ய முடியாது என்று இருந்தது.

"அப்ப நீர் அங்கை என்ன செய்வீர்?" என்று கேட்டார். இத்தனை நாளில் அதை அவர் கேட்டது அப்போதுதான்.

"ஒண்டும் செய்யேலாது. உங்களைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுதான்" என்றேன். பகிடியாகச் சொல்லத்தான் நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. அந்த மேசை எனக்கு எவ்வளவு பெரிது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அன்று இவர் அரசாங்கத்தைக்கூடத் திட்டவில்லை.

மறுநாள் பின்னேரம் அவர் அந்த அதிகாரிக்குப் போன் எடுத்தார். நான் நடையில் நின்று ஒட்டுக்கேட்டேன்.

"மனுசிக்கு இஞ்சை பெரிய பொறுப்பு தம்பி. அவவை இழுத்துக்கொண்டு வர ஏலாது. என்னைத் தனியாளாவே போடுங்கோ" என்றார்.

அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்டார்கள். என்ன கேட்டிருப்பார்கள் என்று சொல்லவா வேண்டும். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, என் சம்பளத்தை உள்ளதைவிட இரண்டு மடங்காகச் சொன்னார்.