அம்சவல்லி மறைத்த காற்று

அம்சவல்லிக்குப் பிடிக்காதவர்களை எண்ணத் தொடங்கினால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேர் வந்துவிடுவார்கள். மீதிப் பாதிக்கு அவளைப் பிடிக்காது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடி.

1968இல் பதினேழாம் நம்பர் மலையில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்ததில் வலது முழங்கால் போயிற்று. அப்போதிருந்த துரை மனசு வைத்து அவளை மேல்மாடிக்கு மாற்றினார். பறித்து வந்த பச்சைக் கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, ராத்திரி முழுக்கக் காற்றில் வாடவிடும் இடம் அது. எந்தச் சன்னலை எப்போது திறப்பது, எப்போது சாத்துவது என்பதுதான் வேலை. ஈரக்காற்று புகுந்தால் கொழுந்து புழுங்கும். காய்ந்த காற்று மிஞ்சினால் சருகாகும். ஐந்து வருஷத்தில் ஒரு தட்டுகூட அவள் கையில் கெட்டதில்லை. அந்த மாடி போனால் மறுபடி மலைதான், மலை ஏறினால் இருக்கிற காலும் போகும். இது அவளுக்கும் தெரியும், தோட்டத்துக்கே தெரியும்.

1973இல் புது மானேஜராக மார்ட்டன் துரை வந்து சேர்ந்தார். வந்த மூன்றாம் நாளே மாடியேறி வந்து, மழை தூறிக்கொண்டிருந்த நேரத்தில் வடக்குச் சன்னல்களைத் திறக்கச் சொன்னார். திறந்தாள். அவர் பாதிப் படி இறங்குவதற்குள் படபடவென்று சாத்தினாள். சத்தம் கேட்டு அவர் திரும்பி வந்தார்.

"நான் என்ன சொன்னேன்? நீ என்ன செஞ்சே?"

"தொறந்து வச்சா கொழுந்து ஊறிப் போயிரும் தொரை."

"இன்னொரு தடவை சாத்தினா நீ மலைக்குப் போ."

அன்றைக்கு ஆரம்பித்த பகை. அவர் மாடிக்கு வரும்போதெல்லாம் தரையில் தூசி தேடுவார், சாக்கில் ஓட்டை தேடுவார். அவர் ஏறி வரும் சத்தம் கேட்டாலே இவள் துடைப்பத்தை ஓங்கித் தரையில் அடிப்பாள். அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "செம்பட்டை" என்பாள், கங்காணி காளிமுத்து காதில் விழுகிற மாதிரியே.

செம்பட்டைக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ரிங்லெட் அணை ஏரியில் சின்னப் பாய்ப்படகு ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். அந்த அளவுப் படகில் ஐந்நூறு கெஜத்தை ஐம்பத்தொன்பது விநாடியில் கடந்து ஒரு கப்பற்படைக்காரன் கடலோரத்தில் ரெக்கார்டு வைத்திருந்தானாம். அதை முறியடிக்க வேண்டும். ஏரியில் அலை கிடையாது, அதனால் முடியும் என்பது துரையின் கணக்கு. ஆனால் சரியான காற்று வேண்டும். மார்கழி, தை மாதங்களில் கம்போங் ராஜா பக்கமிருந்து ஒரு வாடை இறங்கும், அது வேண்டும். கடிகாரம் பிடித்துச் சாட்சி சொல்ல ஈப்போவிலிருந்து மூன்று வெள்ளைக்காரர்கள் வரவேண்டும். அவர்களுக்கு முதல் நாளே போன் போட வேண்டும்.

அவர்கள் வந்த நாளில் காற்று வராது. காற்று வந்த நாளில் அவர்கள் இருக்கமாட்டார்கள். இரண்டு தடவை வந்து, ஏரியைப் பார்த்தபடி தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அப்படிப்பட்ட நாட்களின் மறுநாள் காலை, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் துரையின் முகத்தைப் பார்க்கவே ஆட்கள் நடுங்கினார்கள். இருமியதற்காக ஒருவனை வீட்டுக்கு விரட்டியடித்தார்.

ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சிவசாமிக்கு வாய் சும்மா இருக்காது. "மேல்மாடி அம்சவல்லிக்கு மொத நாளே தெரியும் தொரை" என்று சொல்லிவிட்டான்.

உண்மைதான். வாடை வருவதற்கு முந்தின மாலையே வடக்கு வரிசைச் சாக்குகளில் பிசுபிசுப்பு போய்விடும். தட்டினால் தூசி பறக்கும். அந்த வரிசைக் கொழுந்து மற்றதைவிட இரண்டு மணி நேரம் முந்தி வாடும். இத்தனைக்கும் வெளியே ஓர் இலை அசையாது.

துரை மாடியேறி வந்தார். மூச்சு வாங்கியது.

"நாளைக்குக் காத்து வருமா?"

அவள் சாக்கைத் தொட்டாள். மொறமொறவென்று இருந்தது.

"வராது தொரை."

மறுநாள் காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அடித்தது. படகு கயிற்றை இழுத்துக்கொண்டு துடித்ததாக லாரி டிரைவர் பக்கிரிசாமி வந்து சொன்னான். துரை கரையில் நின்று தொப்பியை மிதித்தாராம். அம்சவல்லி சன்னலைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். துரை வந்து கேட்டதற்கு, "பொசுக்குனு கெளம்பி வந்துருச்சு தொரை, நான் என்னா செய்ய" என்றாள்.

மூன்று பருவம் இப்படிப் போயிற்று. வராத காற்றை வராது என்றாள், வருகிற காற்றையும் வராது என்றாள். முக்கால்வாசி நாள் அவள் சொன்னது சரியாகவே இருந்ததால் துரையால் பிடிக்க முடியவில்லை. பொய்யென்று சந்தேகம் மட்டும் இருந்தது. அந்தச் சந்தேகத்தோடு அவர் அவளைப் பார்க்கும் பார்வை, அவளுக்குச் சோறு இறங்குவதற்கே உதவியது.

1976 கடைசியில் ஒரு நாள் சிவசாமி மாடிக்கு வந்தான்.

"கேட்டியா? கம்பெனி தொரையைச் சீமைக்குத் திரும்பி வரச் சொல்லி ரெண்டு காயிதம் போட்டுருச்சு. இவரு மாட்டேன்னுட்டாரு லா."

"ஏனாம்?"

"ரெக்கார்டு அடிக்காம நகர மாட்டாராம். பத்து வருஷம் ஆனாலும் சரின்னு எழுதிப் போட்டுட்டாரு."

அம்சவல்லி சாக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். வாய்க்கு வந்தபடி திட்டினாள். முதலில் துரையை, பிறகு சிவசாமியை, கடைசியில் தன்னை. அந்த ஆளை இந்த மலையில் கட்டிப்போட்டது அவளுடைய பொய்தான். இன்னும் பத்து வருஷம் அவர் மாடியேறி வந்து தூசி தேடினால், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் அவளை மலைக்கு அனுப்பாமல் விடுவாரா?

அடுத்த தை மாதம் சாக்கில் தூசி பறந்த மாலையில் அவளே நொண்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள்.

"நாளைக்கு வரும். பத்து மணிக்கு மேல."

துரை பேனாவை மூடி வைத்தார். "நீயா வந்து சொல்றே. ஏன்?"

"சொன்னா ஏன்னு கேக்குறீங்க, சொல்லாட்டி ஏன்னு கேக்குறீங்க."

"பொய்யா இருந்தா?"

"மலைக்கு அனுப்புங்க."

அனுப்பத்தான் போகிறேன் என்கிற மாதிரி தலையாட்டிவிட்டுப் போனை எடுத்தார்.

காலையில் லாரி அனுப்பி அவளை ஏரிக்கே கொண்டுவரச் செய்தார். காற்று வரும்வரை கரையை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. மூன்று வெள்ளைக்காரர்களும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அவளுக்கு நாற்காலி இல்லை. பத்து அடித்தது, தண்ணீர் அசையவில்லை. பதினொன்று. ஒருவன் கொட்டாவி விட்டான். படகில் உட்கார்ந்திருந்த துரை ஏரியைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தார். அவளும் கண்ணை எடுக்கவில்லை. உள்ளுக்குள் மட்டும், "வந்து தொலையேன், வந்து தொலையேன்" என்று காற்றைத் திட்டிக்கொண்டிருந்தாள். தன் கால் முட்டியைத் தானே பணயம் வைத்துவிட்டு நிற்கிறோமே என்று முதல் தடவையாகப் பயம் வந்தது.

பதினொன்றே முக்காலுக்கு அவள் முந்தானை விலகிப் பறந்தது. பாய் டப்பென்று விரிந்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, துரை தண்ணீருக்கு மேலே மல்லாந்து தொங்க, ஐந்நூறு கெஜத்துக்கு அடையாளமாக நட்டிருந்த முதல் கொடியைத் தாண்டியதும் தெரியவில்லை, இரண்டாவதைத் தாண்டியதும் தெரியவில்லை. ஐம்பத்தேழு விநாடி. வெள்ளைக்காரர்கள் தொப்பியை வீசினார்கள். அம்சவல்லி லாரியில் ஏறி உட்கார்ந்து, "வண்டிய எடு" என்றாள்.

மாசியில் துரை மூட்டை கட்டினார். பெரட்டுக்களத்தில் எல்லோரையும் நிறுத்தி, நாலு வார்த்தை பேசினார். பிறகு அவளை முன்னால் கூப்பிட்டார். அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் தோட்டம் பார்த்தது.

"காத்துக்குக் காத்துக் கிடக்கிறது எவ்வளவு கேவலம்னு நாலு வருஷத்தில கத்துக்கிட்டேன். எனக்குப் பின்னால யாரும் அப்படிக் கிடக்க வேண்டாம். மேல்மாடிக்கு மின்சார விசிறி கேட்டு எழுதினேன். கம்பெனி சரின்னுடுச்சு."

ஆட்கள் கைதட்டினார்கள். அம்சவல்லி தட்டவில்லை. அவர் வன்மத்தில் செய்தாரா, நன்றியில் செய்தாரா என்று அவளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. வன்மம் என்றால்கூடப் பொறுத்திருப்பாள்.

சித்திரையில் விசிறி வந்தது. பித்தானை அமுக்கினால் காற்று, மறுபடி அமுக்கினால் நிற்கும். சாக்குத் தட்டுகளைக் கழற்றி எரித்தார்கள். சன்னல் பார்க்க ஆள் தேவையில்லாமல் போயிற்று. புதிய துரை நல்லவர், குரல் உயர்த்தாதவர். அவர்தான் அவள் பேரைப் பதினேழாம் நம்பர் மலைக்கு எழுதினார்.

1980 வரை அவள் கூடையோடு அந்தச் சரிவில் ஏறினாள், ஒரு கையில் கம்பு. ஒரு தை மாலை கூடையின் சாக்குப் பட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற காளிமுத்துவிடம் சொன்னாள்.

"நாளைக்குக் காத்து வரும்."

"வந்துட்டுப் போவுது லா. அதுக்கு யாரு இப்ப காத்துக் கெடக்குறா?"

கீழே தொழிற்சாலையில் விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன.

"பேசாம பொய்யையே சொல்லிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்றாள் அம்சவல்லி. "அந்தச் செம்பட்டை இன்னும் மாடியேறி வந்து என்கிட்ட கேட்டுக்கிட்டு நிப்பான்."